கோடையில் ஒரு பையன், கையில் ஒரு ரேங்க் கார்டு: நெல்லைச் சீமைச் சிரிப்பு நாவல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, படிப்பில் தடுமாறும் ஒரு பையனின் கோடை விடுமுறையை வைத்து நகைச்சுவை நாவல் எழுத உட்காருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கதை நடக்கும் இடம் தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம்.

பையன் ஏழாம் வகுப்பு. முழு ஆண்டுத் தேர்வில் ஃபெயில். கோடை முழுக்கப் படித்து மறுதேர்வு எழுத வேண்டும். கரு சரியா?

கரு சரி, ஆனால் தமிழ்நாட்டில் நடக்காது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்புவரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க வழிவிட்டார்கள். தமிழ்நாடு அந்த இரண்டு வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கியது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் கட்டாயத் தேர்ச்சியை எடுத்தபோதும் தமிழ்நாடு பழைய முறையிலேயே நிற்கும் என்று சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் முதல் பக்கத்தைப் படிக்கிற பிள்ளை, “ஏழாப்புல யாருல ஃபெயிலாக்குதா?” என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடும்.

தேர்வுதான் வேண்டுமென்றால் அதை அண்ணனுக்கோ அக்காளுக்கோ கொடுங்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய அண்ணன், துணைத்தேர்வுக்காக வீட்டில் அடைபட்டுக் கிடப்பது நல்ல பக்கவாத்தியம். தேர்ச்சிக்கு 100க்கு 35. அறிவியலில் மட்டும் செய்முறை 25, எழுத்துத் தேர்வு 75. செய்முறையில் 15, எழுத்தில் 20 என்று தனித்தனியே எடுத்தாக வேண்டும். செய்முறையில் 25க்கு 25 வாங்கிய அண்ணன் எழுத்தில் 19 வாங்கி, மொத்தம் 44 இருந்தும் தவறிப்போகலாம். “நாப்பத்தி நாலு எடுத்தவன் ஃபெயிலு, முப்பத்தஞ்சு எடுத்தவன் பாஸா?” என்று அவன் நாவல் முழுக்கப் புலம்பிக்கொண்டே திரியட்டும். கணக்கு நிஜமாக இருப்பதால்தான் அந்தப் புலம்பலுக்குச் சிரிப்பு வரும்.

நாயகனுக்கு இதைவிட நல்ல சிக்கல் ஒன்று இருக்கிறது. அவன் பாஸ். வருஷா வருஷம் பாஸ். ஆனால் வாசிக்க வராது. எல்லாரும் பாஸ் என்பதே அவன் தடுமாற்றத்தை ஏழு வருஷம் மூடி வைத்திருக்கிறது. விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்கு வந்தவனிடம் யாராவது ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டி “வாசில” என்று சொல்லும்போது குட்டு உடைகிறது. நாவல் அங்கே தொடங்கலாம்.

வாசிக்க வராததை எப்படிக் காட்டுவது? எழுத்துப்பிழைகளை இறைத்துவிட்டால் போதுமா?

போதாது. ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று படிக்கும் நகைச்சுவையை எல்லாரும் எழுதியாயிற்று, அதை விட்டுவிடுங்கள். எந்த எழுத்தில், எதனால் இடறுகிறான் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

தமிழில் இடறல் பெரும்பாலும் கொம்பில் இருக்கிறது. ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியது ‘க்’. ‘கொ’ இன்னும் மோசம்: முன்னால் கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் கால், மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி. தடுமாறுகிற பிள்ளை இதைக் ‘கெ’ என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் திகைத்து, ‘கா’ என்று முடிக்கும். ‘வௌவால்’ வந்தால் கதை கந்தல். பின்னால் நிற்பது ‘ள’ மாதிரியே இருப்பதால் ‘வெளவால்’ என்றுதான் படிப்பான். வௌவாலுக்கு வால் எங்கே, அது எப்படி வெள்ளையாச்சு என்று அவனுக்கு உண்மையாகவே சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோடு அவன் சாயங்காலம் கோயில் மண்டபத்தில் அண்ணாந்து நின்றால் ஒரு அத்தியாயம் கிடைத்துவிடும்.

நெல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி யோகம். ‘கொடை’, ‘கோடை’. ஒன்று அம்மன் கோயில் திருவிழா, மற்றது வெயில் காலம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுழி. அந்த இரட்டைச் சுழிக் கொம்பைக் கொண்டுவந்தவர் 18ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த வீரமாமுனிவர் என்பார்கள். “அந்தச் சாமியார் ஒரு சுழியோட நிறுத்திருந்தா என்ன?” என்று பையன் ஓரிடத்தில் கேட்கலாம். ஓரிடத்தில் மட்டும்.

இன்னொன்று: வாசிக்க வராத பிள்ளைக்குக் காது கூர்மையாக இருக்கும். பக்கத்து பெஞ்சுக்காரன் ஒருமுறை வாசித்ததைக் கேட்டு, அப்படியே ஒப்பிப்பான். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கடகடவென்று ‘வாசிப்பான்’. பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்ப மறந்துவிடுவான். ஆசிரியர் கண்டுபிடிப்பது அங்கேதான்.

டிஸ்லெக்சியா என்று பெயர் வைக்கலாமா? கடைசியில் சரியாகிவிட வேண்டுமா?

பெயர் வைக்கலாம், ஆனால் அதைச் சொல்கிற பெரியவருக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. பொதுத்தேர்வில் இத்தகைய மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித் தர ஒருவரும் உண்டு. கதைக்குத் தேவைப்பட்டால் பயன்படுத்துங்கள்.

ஆறு வாரத்தில் சரியாகாது. முதலில் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் எடுத்தவன் கடைசியில் மூன்று நிமிஷம் எடுக்கட்டும். பரிசு, கைத்தட்டல், மேடைப் பேச்சு எதுவும் வேண்டாம்.

ஆறு வாரத்தை இருபது அத்தியாயத்தில் எப்படிப் பிரிப்பது?

காலண்டரை முதலில் எழுதுங்கள், அத்தியாயத்தைப் பிறகு. இந்தச் சீமையின் வருஷம் பள்ளிக்கூட வருஷத்தோடு முட்டிக்கொண்டே இருக்கும். அந்த முட்டல்களே உங்களுக்குச் சம்பவங்களைத் தரும்.

பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போயாக வேண்டும். அது சரியாகப் பரீட்சைக்கு முன்னால் வரும். சாஸ்தாவைக் கும்பிட்டதால் மார்க் போச்சா, கும்பிட்டதால்தான் இந்த மார்க்காவது வந்ததா என்று வீட்டில் தகராறு நடக்கலாம். ஏப்ரலில் பரீட்சை முடியும். மே 4 வாக்கில் தொடங்கி 25 நாள் அக்னி நட்சத்திரம். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை பிள்ளைகளைத் தார்சாவை (வீட்டு முன்கூடத்தை) விட்டு வெளியே விடமாட்டார்கள். வாசிப்புப் பாடம் நடக்க அதுதான் நேரம், தப்பிக்க வழியில்லை. நுங்கும் பதநீரும் இந்தக் காலத்தில் உண்டு. வைகாசியில் ஊருக்கு ஊர் கொடை. வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் விடிய விடிய ஒலிபெருக்கியில் கேட்கும். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்து வாய்க்காலில் தண்ணீர் விடுவதும் அதே ஜூனில்தான். விடுமுறை முழுக்க வறண்டு கிடந்த வாய்க்கால், யூனிஃபார்ம் போட்ட அன்றைக்கு நிறைந்து ஓடும். இந்த அநியாயத்தை எந்தப் பையனும் மன்னிக்க மாட்டான்.

இப்போது முடிச்சைப் போடுங்கள். பையனுக்கு வாசிக்கத்தான் வராது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுத்தைப் படமாகப் பார்த்து வரைகிறவன் அல்லவா. அதனால் விடுமுறைக்கு முன் தலைமையாசிரியர் அறிவிப்புப் பலகையை அவனிடம் கொடுக்கிறார். ‘கோடை முடிந்து பள்ளி திறக்கும்’ என்று எழுத வேண்டியதை ‘கொடை முடிந்து பள்ளி திறக்கும்’ என்று எழுதி வைக்கிறான். யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். ஊரில் கொடை வைகாசி கடைசிச் செவ்வாய், அதாவது பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து. திறப்பு நாளன்று பள்ளியில் ஆசிரியர்கள் மட்டும். வருகிற ஒரே மாணவன் இவன்தான், ஆறு வாரமாக வாசிக்கப் பழகியதைக் காட்ட ஆசையாக வருகிறான். பலகை முன்னால் நின்று, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசிக்கிறான். பிறகு சாக்பீஸ் எடுத்து ஒரு சுழி சேர்க்கிறான்.

பலகையை எழுதும் காட்சி முதல் அத்தியாயத்தில் வரட்டும், நாலே வரியில், வேறு ஏதோ களேபரத்துக்கு நடுவில். படிக்கிற பிள்ளை அதைப் பார்த்தும் பார்க்காமல் கடந்துவிட வேண்டும். ஆறாவது அத்தியாயத்தில் வாட்ஸ்அப் படம் ஒரு வரி. பன்னிரண்டில் கொடைக்கு வரி பிரிக்கிறவர் தேதி சொல்கிறார். இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் கடைசிச் சிரிப்பு வராது. எதையாவது அழுத்திச் சொல்லிவிட்டால் பாதி வழியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பையனே டைரி எழுதுவதுபோல் எழுதலாமா?

பார்த்து வரையத்தான் வரும், சொந்தமாக எழுத வராதவன் எப்படி டைரி எழுதுவான்? அவன் சொல்ல, இன்னொருவர் எழுதுவது பொருந்தும். ஆச்சி வீடு என்றால் மாமா மகள் இருப்பாள். ஒரு வகுப்பு கூடுதலாகப் படிக்கிறவள், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கூலி கேட்கிறாள். அவன் அளக்கிற இடத்தில் அவள் தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கலாம்: ‘இவன் அப்படிக் குதிக்கவே இல்லை. நான் மாடியிலிருந்து பார்த்தேன்.’ அத்தியாயத்துக்கு ஒன்றிரண்டு போதும். அதற்கு மேல் போனால் கதை அவளுடையதாகிவிடும். (அப்படியானாலும் மோசமில்லை, ஆனால் அது வேறு நாவல்.)

நெல்லைப் பேச்சு எவ்வளவு வேண்டும்?

கதை சொல்வது பொதுத் தமிழ், உரையாடல் ஊர்ப் பேச்சு. இது பழைய பங்கீடுதான், பிள்ளைகளுக்கு எளிதாகவும் இருக்கிறது. எல்லா வாக்கியத்தின் வாலிலும் ‘லே’ ஒட்டுவது சினிமாக்காரர்கள் வேலை. ஊரைக் காட்டுவது வினைச்சொல்தான்: சொல்லுதான், பாக்கான், கேக்கான், நிக்கான். ஆசிரியரையும் பெரியவர்களையும் பற்றிப் பேசும்போது ‘சார் கூப்பிடுதாவ’, ‘அத்தை வந்துட்டாவ’. பையன்களுக்குள் ‘லே’, ‘என்னல’. பெண் பிள்ளையிடம் ‘ஏட்டி’, ‘ஏளா’. ‘வே’ என்பது வளர்ந்த ஆண்கள் தங்களுக்குள் விளிப்பது. ஏழாம் வகுப்புப் பையன் அண்ணாச்சியிடம் “என்னவே” என்றால் அடுத்த வரியில் ஏதாவது நடந்தாக வேண்டும்.

சொற்களில் சேக்காளி (கூட்டாளி), கோட்டி (கிறுக்கு), வெரசா (வேகமாக), பைய (மெதுவாக), அங்கன, இங்கன, சாரம் (லுங்கி), அடுக்களை, வளவு, தட்டட்டி ஆகியவை அர்த்தம் சொல்லாமலே விளங்கும்படி வைக்கலாம். ‘தட்டட்டியில் வடாம் காய்ந்தது’ என்றால் மொட்டைமாடி என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ‘மூதி’, ‘சவம்’ ஆச்சி வாயில் வந்தால் செல்லம். மேலப்பாளையத்துச் சேக்காளி இருந்தால் அவன் வீட்டில் வாப்பா, உம்மா. அங்கே ஆச்சி வீட்டுப் பேச்சைப் போட்டால் ஊர்க்காரர்களுக்கு உடனே இடிக்கும்.

சிரிப்பு வரவில்லை. என்ன பிழை?

பெரும்பாலும் விளக்கிவிட்டிருப்பீர்கள். கீழே உள்ளதைப் பாருங்கள். வகுப்பில் 42 பேர். பையன் ரேங்க் கார்டோடு வருகிறான்.

“எத்தனாவது ரேங்க்குலே?” ஆச்சி கேட்டாள்.

“நாப்பத்தொண்ணு ஆச்சி.”

ஆச்சி முறத்தைக் கீழே வைத்தாள். “நாப்பத்தொண்ணா! உங்க மாமா பதினொண்ணத் தாண்டுனதே கெடையாது. இங்கன வா, என் கண்ணே பட்டுரும்.” நெட்டி முறித்தாள். விரல் பத்தும் சொடுக்கியது.

இதற்குப் பிறகு ‘ஆச்சிக்கு ரேங்க் என்றால் என்னவென்று தெரியாது’ என்று ஒரு வரி சேர்த்தீர்களோ, முடிந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் வாசகர் தலையாட்டுவார். அந்த வரியை அடித்துவிட்டு, இதன் தர்க்கத்தைப் பிடித்து முன்னால் போங்கள். மறுநாள் 42ஆவது ரேங்க் சேக்காளி வருகிறான். ஆச்சி அவனுக்கு இரண்டு முறுக்கு கூடுதலாக வைத்து, பேரனிடம் “இவன்ட்ட கேட்டுப் படி” என்கிறாள். சேக்காளிக்கு ஒன்றும் புரியவில்லை, முறுக்கு புரிகிறது. பத்து நாள் கழித்து யாரோ உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். ஆச்சி பேரனைத் திட்டவில்லை. ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் ஒரு ஓலைப்பெட்டி நிறைய முறுக்கு சுற்றி, பாளையங்கோட்டையில் இருக்கும் மாமாவுக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறாள், முப்பது வருஷம் தாமதமாக.

தவறான எண்ணம் ஒன்று, அதன்படி நடக்கிற சரியான செயல்கள் மூன்று என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது வந்தால் சலித்துவிடும். வழுக்கி விழுவது, சாணியை மிதிப்பது எல்லாம் நாவலுக்கு இரண்டு தடவை போதும்.

உடல் பருமன், நிறம், திக்குவாய் ஆகியவற்றை வைத்துச் சிரிக்க வைத்தால் முதல் வாசிப்பிலேயே யாரோ ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். வகுப்பறையில் வாசிக்கப்போகிற புத்தகம் என்பதை மறக்காதீர்கள்.

ஆசிரியர் கண்டிப்பானவர். பிரம்பு வரலாமா?

வேண்டாம். அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. இன்றைய பிள்ளைக்குப் பிரம்பு, தாத்தா கதையில் வரும் பொருள். தாத்தா சொல்லட்டும், வேண்டுமானால். இன்றைய ஆசிரியரின் ஆயுதம் வேறு: “அப்பாவைக் கூட்டிட்டு வா” என்பது. அல்லது அதையும் சொல்லாமல் போனை எடுப்பது.

பெயர்கள்?

இசக்கி, சுடலைமுத்து, பேச்சிமுத்து, மாசானம், நெல்லையப்பன் என்று ஊர் மணக்கும் பெயர்கள் நிறைய உண்டு. இசக்கி ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். ஒரே வகுப்பில் இரண்டு இசக்கி இருந்து ரேங்க் கார்டு மாறிப்போவதை இங்கே யாரும் மிகை என்று சொல்ல முடியாது.

சாதிப் பின்னொட்டு வேண்டாம். கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றிப் பொட்டு ஆகியவற்றை ‘ஊர் நிறம்’ என்று நினைத்துத் தூவிவிடாதீர்கள். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது. அதைப் பற்றி எழுதுவதானால் அதற்கென்றே எழுதுங்கள். முறுக்குக்கும் கொம்புச் சுழிக்கும் நடுவில் சொருகக் கூடாது.

அல்வா, குற்றாலம்?

அல்வா இல்லாமல் ஒரு நெல்லைக் கதை எழுதிப் பாருங்கள், அதுவே புதுமை. சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இருக்கின்றன. குற்றாலச் சாரல் வழக்கமாக ஜூனில்தான் தொடங்கும். மே முதல் வாரத்தில் பையனை அருவியில் குளிக்க வைக்காதீர்கள். 2019 நவம்பரிலிருந்து அது தென்காசி மாவட்டம் என்பதும் நினைவிருக்கட்டும்.

செல்போனை என்ன செய்வது?

ஒரே போன், அது அப்பாவுடையது, அப்பா வேலைக்குப் போயிருக்கிறார். முடிந்தது.

எவ்வளவு நீளம்? அச்சுக்கு என்ன கணக்கு?

20,000 சொற்கள் போதும். ஒரு அத்தியாயம் 1,000, ஓரிரண்டு 600இல் முடியலாம். டெமி அளவு, 14 புள்ளி எழுத்து, தாராளமான வரி இடைவெளி என்றால் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் பிடிக்கும்: எழுத்து 100 பக்கம், படம் 20 பக்கம், முன்பக்கங்கள் ஆறு. அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம். எட்டு ஃபாரத்துக்கு 128 பக்கம். இரண்டு பக்கம் மிஞ்சும். 130 வந்தால் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் இழுக்கும், அதனால் படத்தைக் குறையுங்கள்.

வலது ஓரத்தைச் சமன் செய்யாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். சமன் செய்தால் வரிக்குள் பெரிய பெரிய ஓட்டைகள் விழும், தடுமாறி வாசிக்கிற பிள்ளை அந்த ஓட்டையில் நின்றுவிடும். இந்த நாவலைப் படிக்கப்போகிறவர்களில் உங்கள் நாயகனைப் போன்றவர்களும் உண்டு. அதே காரணத்துக்காக, அத்தியாயத் தலைப்பில் அலங்கார எழுத்துரு வேண்டாம். கொம்பின் சுழி அதில் தெரியாது. முக்கியமாகக் ‘கொடை’ வரும் பக்கத்தைப் பற்றி, அச்சுக்குப் போகுமுன் பிழைதிருத்துபவரிடம் சொல்லி வையுங்கள். நல்லவர், பார்த்ததும் திருத்திவிடுவார், நாவல் போய்விடும்.

எழுதியதை எப்படிச் சோதிப்பது?

நாலு முதல் ஆறு பிள்ளைகள், மூன்று அத்தியாயம், ஒரே மூச்சில் வாய்விட்டு வாசியுங்கள். நீங்கள் வாசிப்பதைவிட வேறொருவர் வாசிக்க, நீங்கள் கையில் பிரதியோடு ஓரமாக உட்காருவது நல்லது. சிரித்த இடத்தில் ஒரு கோடு. காலை ஆட்டிய இடத்தில் வட்டம். தண்ணீர் கேட்டு எழுந்தால் அந்தப் பத்தி முழுவதும் அடிக்க வேண்டியது. “நல்லா இருந்துச்சா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் இருந்துச்சு என்றுதான் சொல்வார்கள், கையில் மிட்டாய் இருக்கிறதே. “அடுத்து என்ன செய்வான்?” என்று கேளுங்கள். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் அடுத்த அத்தியாயத்தை மாற்றுங்கள். ஆளுக்கொன்று சொல்லித் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தால் பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பைய எழுந்து வந்துவிடலாம்.